பயிற்சி அறையின் கனமான கதவு

பயிற்சி அறைகளுக்கு வெளியே பெஞ்சு போடுகிறவர்கள் முதுகுள்ள மனிதர்களை நினைத்துப் போடுவதில்லை. சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் என்னால் அதில் உட்கார முடிந்ததே இல்லை. எழுவேன், தாழ்வாரத்தின் கோடிவரை நடப்பேன், சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்பி வருவேன். நான் அங்கே அலைந்துகொண்டிருந்ததாகக் காவலாளி உங்களிடம் சொன்னது உண்மைதான் அய்யா.

நாங்கள் மூன்று தலைமுறையாக வயலின் குடும்பம். என் மகனும், தம்பி போனபின் நான் வளர்த்த அவன் மகளும், இசைக் கல்லூரியில் படித்தது ஒரே மேல்படிப்பு. ஏற்கெனவே மேடை கண்டவர்களை மட்டுமே அதில் சேர்ப்பார்கள். முடிவில், ஒரே நாளில், ஆளுக்கொரு தனிக் கச்சேரி. ஊரில் காது உள்ளவர்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். அங்கே சறுக்கினால் சறுக்குவது பிள்ளை இல்லை, குடும்பத்தின் பெயர்.

இருவருக்கும் ஒரே அறை, முறை வைத்து. உள்ளே ஆள் இருந்தால் காலி வயலின் பெட்டியை வாசலில் வைக்க வேண்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது. அது அங்குள்ள ஒழுங்கு. கதவுக் கண்ணாடியையும் காகிதம் ஒட்டி மறைத்திருப்பார்கள். கச்சேரிக்கு முந்தைய வாரம் அவள் முறை. வாசலில் அவள் பெட்டி. உள்ளே மெதுவான பகுதியில், மேலே ஏறும் இடத்தில், சுருதி சறுக்கியது. மறுநாளும் அப்படியே.

சாப்பிடும்போது சொன்னேன். "இந்தத் தடவை நீ வாசிக்க வேண்டாம்மா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்."

"எனக்கென்ன பெரியப்பா, கல்லு மாதிரி இருக்கேன்."

"வெளிய நின்னு கேட்டேன். மேல ஏறும்போது வழுக்குது."

அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"பெரியப்பா காதும் நம்ம வீட்டுக் கடிகாரம் மாதிரி தப்பாக் காட்ட ஆரம்பிச்சுடுச்சு" என்று சிரித்தாள். "நான் வாசிக்கத்தான் போறேன். முன்வரிசையில உக்காந்து கேளுங்க, அப்புறம் திட்டுங்க."

என் தம்பியின் பிடிவாதம் அப்படியே இருந்தது. அதற்குமேல் பேசிப் பயனில்லை.

கச்சேரிக்கு முதல் நாள் காலை, அவள் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உள்ளே விளக்கு சுவிட்சைத் தேடினாள். சத்தம் அதிகம் வெளியே போகாமலிருக்கச் செய்த கதவு, நல்ல கனம். காற்று சாத்தியது என்று முதலில் சொன்னேன். அந்தத் தாழ்வாரத்தில் ஜன்னலே இல்லை என்பதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். நான்தான் சாத்தினேன். ஒரு தடவை போதவில்லை; தோளைக் கொடுத்தேன். இரண்டு விரல்கள். வில் பிடிக்கும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் என் மகன் சுவரைப் பார்த்து அழுதான். "நீங்க கேட்டது என்னைத்தான்பா. எனக்கு வரலைன்னு அக்கா தன் முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்துச்சு. நான் ரெண்டு முறை எடுத்துக்கிறேன்னு யாரும் பேசக்கூடாதுன்னு தன் பெட்டிய வெளிய வச்சுச்சு."

பயத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவன் வாசித்தான்; அதே இடத்தில் சறுக்கினான். அக்காவுக்கு இப்படி ஆனதில் பையன் மனசு உடைந்துபோயிருக்கிறான் என்று அரங்கமே உச்சுக்கொட்டியது. வாசிப்பை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

அந்தச் சறுக்கல் யாருடையது என்று அப்போதாவது புரியவில்லையா என்கிறீர்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அய்யா. ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள்.