‘போ’வுக்கு முன்னாலா, பின்னாலா

உதுமான்: ...அப்ப கமாவை எங்கதான் வைக்கிறது? முடிவாச் சொல்லுங்க. கரண்டு வந்ததும் மெஷினை ஓட்டணும். நம்ம பசுந்தாங்குப் பேட்டையில வந்த கரண்டு எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்.

சபாபதி: ‘போ’வுக்குப் பின்னால பாய். ‘வரமாட்டேன் போ, மச்சான்.’ சங்கத்துச் செயலாளரு நான் சொல்றேன்.

தமிழரசி: முன்னால. ‘வரமாட்டேன், போ மச்சான்.’ மேடையில பாடப் போறவ நான் சொல்றேன்.

உதுமான்: பொங்கல் விழா நிகழ்ச்சி நிரல் மொத்தமே ஒரு பக்கம். அதுல பாட்டுத் தலைப்பா வர்ற இந்த ஒத்தை வரிக்கு மூணாவது புரூஃப் எடுத்தாச்சு. என் அச்சாபீஸ் வரலாத்துலயே...

சபாபதி: மொத புரூஃபுல நீங்க பண்ணினது மறந்து போச்சா? கமாவுக்குப் பதிலா பர்மா எழுத்துக்குப் போடுற ஒத்தைக்கோட்டைப் போட்டீங்க.

உதுமான்: கைப் பழக்கம். பர்மாக்காரனுக்கு அதுதானே கமா. உங்க சங்கத்துப் பசங்க, கோடுதான் சரி, அப்பத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியுதுன்னாங்க.

தமிழரசி: தலைவரு அதை நம்பர்னு படிச்சாரு. ‘வரமாட்டேன் ஒண்ணு போ மச்சான்.’ ஒண்ணு இருக்கு, ரெண்டு எங்கன்னு வேற கேட்டாரு.

சபாபதி: காசிவிசுவநாதன் ஐயாவைக் கிண்டல் பண்ணாதே. பெரிய மனுஷன். இதுக்குன்னே கமாத் துணைக்குழு போட்டவரு.

தமிழரசி: துணைக்குழுவுல ரெண்டு பேரு. ஆளுக்கொரு கமா.

சபாபதி: காலையில வைபர்ல பேசி அனுப்பினாரு. கமாவே வேணாம், மூணு ஆச்சரியக்குறி போட்டுருங்க, பாக்கக் கம்பீரமா இருக்கும்னு.

தமிழரசி: பொருளாளரு, தலைப்பையே ‘பழைய பாட்டு’ன்னு போட்டுட்டா சண்டை வராதுங்குறாரு.

உதுமான்: அவருதான் புத்திசாலி. எனக்கு ஒண்ணு புரியல. கமா இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?

தமிழரசி: என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க. தட்டோன் பக்கம் நாத்து நட்ட பொம்பளைங்க பாட்டு இது.
‘கப்பலு தொறையில காத்திருக்கு
கருக்கலு மேகமும் பூத்திருக்கு
நட்ட பயிருக்கு யாரிருக்கா...
வரமாட்டேன் போ மச்சான்.’
ஊருக்குத் திரும்பிப் போவலாம் வான்னு அவன் கூப்பிடுறான். நான் வரல, நீ போன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு.

சபாபதி: அதான் இல்லைங்குறேன். ‘மாட்டேன் போ’ன்னு சிணுங்குறதை நீங்க கேட்டதில்லையா பாய்? உங்க வீட்டுல சொல்லமாட்டாங்களா?

உதுமான்: கல்யாணமான புதுசுல சொல்லுவா. இப்ப வெறும் ‘போ’தான்.

சபாபதி: அந்தப் ‘போ’வுக்குப் போகச் சொல்ற அர்த்தமே கிடையாது. இன்னொரு தடவை கூப்பிடுன்னு அர்த்தம்.

தமிழரசி: அது அவனா நெனச்சுக்கிட்டது.

சபாபதி: நெனச்சுக்காம என்ன பண்றது? எத்தனை தடவைதான் ஒருத்தன் கேப்பான்...

உதுமான்: யாரு?

சபாபதி: அதான்... பாட்டுல வர்ற மச்சான்.

உதுமான்: ம்.

தமிழரசி: கூப்பிட்டா ஆச்சா? அவ இங்கயே பொறந்து வளந்தவ. லைங் தாயாவுல அவளை நம்பி ஒரு லைன் பூரா பொண்ணுங்க உக்காந்து தைக்குது. விட்டுட்டு வான்னா...

உதுமான்: நாத்து நட்டவ கார்மெண்ட் ஃபேக்டரிக்கு எப்பப் போனா?

தமிழரசி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பாய்.

சபாபதி: அவனுக்கு மட்டும் போகணும்னு ஆசையா? கடையை மூடியாச்சு. பினாங்குல இருக்கிற அண்ணன், பொங்கலுக்கு முன்னாடி வந்து சேருன்னு நெருக்குறாரு. போகலாம். போய்... தனியா ஒலை வச்சு யாருக்குச் சோறாக்குறது?

உதுமான்: கப்பலு ஊருக்குல்ல போவுதுன்னாங்க? பினாங்கு எங்க வந்துச்சு?

சபாபதி: ...வழியில நிக்கும்.

தமிழரசி: அம்பது வயசுல சிணுங்கினா ஊரு சிரிக்காதா, செயலாளரே? புருஷனைப் பறிகொடுத்தவ மறுபடி மாலை மாத்திக்கிட்டா, உங்க சங்கம் அதுக்கும் ஒரு துணைக்குழு போடும்.

சபாபதி: போடட்டும். ஒரு கமாவுக்கே முடிவு சொல்லத் தெரியல, நம்ம விஷயத்துல என்னத்தைச் சொல்லி... பாட்டு விஷயத்துல.

உதுமான்: நான் வேணா கீழ போய் லப்பயே வாங்கிட்டு வரட்டா? சூடா டீ குடிச்சுக்கிட்டே நீங்க...

தமிழரசி: உக்காருங்க பாய்.

சபாபதி: ஆமா, உக்காருங்க பாய்.

உதுமான்: சரி. உக்காந்துட்டேன்.

சபாபதி: எனக்குப் பயமா இருக்கு தமிழரசி. நீ சொல்ற எடத்துல கமா விழுந்து அதை அச்சாவும் பாத்துட்டேன்னா, அப்புறம் இன்னொரு தடவை கேக்க எனக்கு வாய் வராது.

தமிழரசி: எனக்கு மட்டும் பயம் இல்லையா?

உதுமான்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க... கேக்குதா? ‘மீ லா பீ, மீ லா பீ’ன்னு தெருவே கத்துது. கரண்டு வந்தாச்சு. தங்கச்சி, பாடப் போறது நீங்க. கடைசியாச் சொல்லுங்க. முன்னாலயா, பின்னாலயா?

தமிழரசி: அவரு சொன்ன எடத்துலயே போடுங்க.

சபாபதி: தமிழு...

உதுமான்: அப்பாடா. கீழ, பாடுபவர் தமிழரசின்னு உங்க பேரைப் போட்டு ஓட்டிரட்டா?

தமிழரசி: பேரு வேணாம் பாய். பாடுறதுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க தலைவர்கிட்ட. விழா அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பினாங்குல இருப்போம்... ஃபேக்டரி வேலையை நேத்தே விட்டுட்டேன்.