பேச்சு இல்லைன்னு எழுதுன சீட்டு

உள்ள இருந்து ஒரு சத்தம் கேட்டுச்சே, அதுவா? அத விடுங்க தம்பி. அது விக்கிறதுக்கு இல்ல. சினிமாவுல வேத்துக் கிரகத்து ஆளுங்க பேசுறதுக்குப் புதுசா சத்தம் வேணும்னீங்க, பதினேழு கொடுத்துட்டேன். அவங்களுக்கு அது போதும்.

எங்க, எழுதிக்கிட்டதப் படிங்க. நாக்க மேலண்ணத்துல ஒட்டிச் சொடக்குனா, நிறுத்து. உதட்டக் குவிச்சு உறிஞ்சுனா, தண்ணி. உச்சுக் கொட்டுனா, சூப்பர்வைசர் வர்றாரு. சிரிக்காதீங்க, அந்த மனுஷன் பல்லின்னு நெனச்சு மூணு மாசம் கூரையப் பாத்துக்கிட்டே நடந்தாரு.

நான் வேல பாத்தது மருந்துக் கம்பெனியில, குப்பி சோதிக்கிற கூடம். ஒவ்வொண்ணா வெளக்குக்கு நேரா பிடிச்சு, தூசி இருக்கா கீறல் இருக்கான்னு பாக்கணும். சுவத்துல போர்டு, பேசக் கூடாதுன்னு. சரி, பேசல. அறுபது பேரு சேந்து, வார்த்தையே இல்லாம ஒரு பாஷை பண்ணோம். ஒருநாள் நான் ஒரு சொடக்கு போட்டேன், அறுபது பேரு கையும் அப்படியே நின்னுச்சு.

நான் பேசி வேலைய நிறுத்துனேன்னு விசாரணை வெச்சாங்க. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன், சங்கத்து நோட்டீசப் பாத்துதான் எழுத்தே கத்துக்கிட்டேன். எந்திரிச்சுக் கேட்டேன், பேசினேன்றீங்களே, என்ன பேசினேன், எழுதிக் காட்டுங்கன்னு. குமாஸ்தா ரொம்ப நேரம் யோசிச்சு, டொக்குன்னு எழுதுனாரு. அது கதவு தட்டுற சத்தங்க ஐயான்னேன். அதோட விட்டாங்க.

பின்னாடி சங்கத் தலைவரு அதெல்லாம் தன்னோட யோசனைன்னு மேடையில பேசினாரு. பேசட்டும். அவருக்கு ஒழுங்கா ஒரு சொடக்கு போட வராது.

என்ன, மறுபடியும் உள்ள கேட்ட அந்தச் சத்தத்துக்கே வர்றீங்க. கடவாய்ப் பல்லோரமா ரெண்டு சொடக்கு, நடுவுல உள்மூச்சு, அதானே. எப்படிப் போடுறதுன்னு கண்டுபிடிச்சுட்டீங்க, கெட்டிக்காரர்தான். ஆனா அத எழுதாதீங்க. சினிமாவுல பூச்சி மூஞ்சி வெச்ச எவனோ ஒருத்தன் வாயில அது வரக் கூடாது.

அது என் பேரு. அடுத்த பெஞ்சுல குப்பி பாத்தவ வெச்சது. அப்புறம் அவளையே கட்டிக்கிட்டேன். போன வருஷம் அவளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. டாக்டரு சீட்டுல எழுதிட்டாரு, பேச்சு இல்லைன்னு. அவருக்கும் அந்தக் குமாஸ்தா மாதிரிதான், எழுத வந்தது அவ்வளவுதான்.

தோ, மறுபடி கூப்பிடுறா. இருங்க, பதில் சொல்லிட்டு வரேன்.