எடை மேடைத் திருப்பத்தில் காத்திருந்தவர்

மணி மூன்று ஐந்து. நாய்கூடப் புரண்டு படுக்காத நேரம். ஏரிக்கரையை ஒட்டிப் போகிற முப்பத்தெட்டு கிலோமீட்டர் சாலை... விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி.

இது எனக்கு நடந்ததில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இருக்கிறாரே, அவருடைய மச்சானுக்கு நடந்தது. மச்சான் எந்த வரிசையில் சொன்னாரோ அதே வரிசையில் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள்... சரி.

மச்சானுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. கம்ப்ரசர்களின் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு மூன்று மணிக்குப் பணி முடியும். மனைவி நர்ஸ். அதிகாலை நாலு இருபதுக்கு அவரைக் கூட்டிப்போக வாசலில் வேன் வந்து நிற்கும். மகளுக்கு இரண்டு வயது. அப்பா உள்ளே வர, அம்மா வெளியே போக, இப்படிக் கை மாற்றிக் கை மாற்றித்தான் அந்தக் குழந்தையை வளர்த்தார்கள். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. ஏனென்றால் வண்டி அப்படி.

முந்நூற்றைம்பது சிசி பைக். ரொம்பப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு நாலைந்து நண்பர்களோடு மலைப் பக்கம். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. மச்சான் அதை அப்படிப் பார்த்துக்கொண்டார்.

"என் பிறந்த நாள் மறந்துடும். அதுக்கு எண்ணெய் மாத்துற நாள் மட்டும் மறக்காது" என்று மனைவி குத்திக் காட்டுவாராம்.

"நீ கோவிச்சுக்கிட்டா வீட்டுலதான இருப்ப. அது கோவிச்சுக்கிட்டா நான்ல நடுரோட்டுல நிப்பேன்" என்பாராம் இவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகப் போகும்போது ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் நின்று, இண்டிகேட்டரைப் போட்டு, அந்த விளக்கு திருப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகுதான் நகரலாம். யாரும் வழி தவறிவிடக் கூடாது இல்லையா? நல்ல வழக்கம்தான்.

அன்றைக்குப் பழைய எடை மேடைத் திருப்பம். சாலை இரண்டாகப் பிரிகிற இடம். கண்ணாடியில் ஒரு விளக்கு தெரிந்தது. தூரத்தில்... மஞ்சளாக... ஒற்றை விளக்கு. மச்சான் யோசிக்கவே இல்லை. கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது. இடது கால் தானாகத் தரையில் ஊன்றியது. நின்றார். காத்திருந்தார்.

விளக்கு வந்தது. நாற்பதடி தள்ளி நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது... இன்றைக்கு ஞாயிறு இல்லையே. நான் தனியாக அல்லவா வந்தேன்?

கிளட்சை விட்டுக் கிளம்பினார். அதுவும் கிளம்பியது. அதே நாற்பதடி. வேகத்தைக் கூட்டினார், நாற்பதடி. குறைத்தார், நாற்பதடி. அடுத்த பிரிவில் நிற்காமலே வெட்டித் திருப்பினார்... கண்ணாடியில் விளக்கு ஆடக்கூட இல்லை.

அவருடையது ஒற்றைச் சிலிண்டர் வண்டி. டப்... டப்... என்று அடிக்கும். அந்த அடி அவருக்கு மனப்பாடம். இப்போது இரண்டு அடிகளுக்கு நடுவில் இன்னொன்று. மெலிதாக. டப்... தப்... டப்... தப்... பிறகு வாடை. பல வருஷம் மூடிக்கிடந்த டேங்கைத் திறந்தால் வருமே, புளித்துப்போன பெட்ரோல் வாடை, அது. காற்று முகத்தில் அடிக்கிறது. வாடை மட்டும் முதுகுப் பக்கமிருந்து வருகிறது.

சாலை முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். வெள்ளை வெளேரென்று வெளிச்சம். மச்சான் உள்ளே விட்டார். பங்க்காரர் கொட்டாவி விட்டபடி எழுந்து வந்து டேங்கை நிரப்பினார். நிரப்பிவிட்டு, சாலை ஓரத்து இருட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அவருக்கும் போடணுமா சார்?"

"எவருக்கு?"

"உங்ககூட வந்தவருக்குத்தான். கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன சார் விளையாட்டு இது? நீங்க காலை ஊனினா அவரும் ஊனுறாரு. நீங்க தலையைத் திருப்பினா அவரும் திருப்புறாரு."

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு லேத் பட்டறைக்காரர். எல்லாருக்கும் அண்ணன். முப்பது வருஷமாக ஓட்டுகிற ஆள். அவரை எழுப்பினார்.

"அண்ணே, எனக்குப் பின்னால ஒரு லைட்டு வருது."

"வந்தா வரட்டும். ரோட்டை உனக்கு மட்டும் பட்டா போட்டா குடுத்திருக்கு? இதுக்காடா எழுப்பின?"

"எடை மேடைத் திருப்பத்துல நின்னு காத்திருந்தேன்ணே. பழக்க தோஷம்."

அந்தப் பக்கம் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது. கட்டில் கிரீச்சிடுவது கேட்டது.

"யாருன்னு தெரியாமலா காத்திருந்த?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி... நின்னு கூட்டிக்கிட்டா கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கணும்டா. இல்ல, முறையாப் பிரியணும். தெரு முனையில நான் எப்படி அனுப்புறேன்? ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, போய்ட்டு வான்னு கை காட்டுறேன்ல? பேர் சொல்லி அனுப்பு."

"பேர் தெரியாதேண்ணே."

"அவன் வீடு?"

"அது எப்படிண்ணே எனக்குத் தெரியும்?"

 அண்ணன் மெதுவாகச் சொன்னார். "அப்போ நீ போற வீட்டுக்குத்தான் வருவான். போகாத. விடியிற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இரு."

வைத்த கையோடு மனைவியின் அழைப்பு. மணி நாலு பதினெட்டு.

"எங்க இருக்கீங்க? வேன் வந்தாச்சு."

"வண்டி நின்னுடுச்சும்மா."

"ஆறு வருஷமா நிக்காத வண்டி இன்னைக்குத்தான் நின்னுச்சா? ஒரு நாள் லேட்டானாலும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, தெரியும்ல?" ஹாரன் கேட்டது. ஒரு தரம். இரண்டாம் தரம். "பாப்பா தூங்குது. பூட்டிட்டுப் போறேன். பத்து நிமிஷத்துல வந்துடுவீங்கல்ல? சொல்லுங்க."

"...வந்துடுவேன்."

பாருங்கள், எப்படி மாட்டிக்கொண்டார் மனிதர். வீட்டுக்குப் போனால், அதையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால், இரண்டு வயதுக் குழந்தை பூட்டிய வீட்டுக்குள் தனியாக.

ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை. ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிஷம். ஓட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய தெரு முனை வரும். முதல் சுற்றில் அங்கே நின்றார். இருட்டைப் பார்த்துக் கையை உயர்த்தி, "போய்ட்டு வா!" என்று கத்தினார். பேர் இல்லாத "போய்ட்டு வா". விளக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

இரண்டாவது சுற்றில் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. தெரு முனைவரைக்கும் அழுகை கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டது. பிறகு அப்பாவை. மச்சானின் கை வீட்டுப் பக்கம் ஹேண்டில்பாரை ஒடித்தது. கண்ணாடியில் விளக்கும் அதே பக்கம் ஒடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக விட்டார்.

மூன்றாவது சுற்றிலும் அழுகை. ஐந்தாவதில் அழுகை இல்லை. எது மோசம் என்று அவருக்கே தெரியவில்லை.

"நின்னு போயேன்... ஒரு தடவை நின்னு போயேன்" என்று டேங்கைத் தட்டித் தட்டிக் கெஞ்சினாராம். ஓட்டிக்கிட்டே இரு என்று அண்ணன் சொன்ன பிறகு தானாக அணைக்கத் துணிவில்லை; வண்டியே நின்றாலாவது இறங்கி ஓடலாம், எங்கேயாவது விழுந்து கிடக்கலாம். நிற்குமா? ஆறு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வண்டி. வெண்ணெயாக ஓடியது.

ஐந்து ஐம்பதுக்குக் கிழக்கு வெளுத்தது. விளக்கு மங்கியது... இன்னும் மங்கியது... கண்ணாடியில் வெறும் சாலை. நடு அடியும் கேட்கவில்லை. மச்சான் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் வெறும் தரையில், கன்னமெல்லாம் ஈரமாக, குழந்தை தூங்கிப்போயிருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை. வாரி எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன்.

பகலில் எந்த விளக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்? அதை மச்சான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவருடைய தெரு குறுகல். வண்டி நிறுத்த ஒரு முழ இடத்துக்கு அடிதடியே நடக்கும். அதற்கப்புறம் பார்த்தால், இவர் வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகவே கிடக்கிறது. யாரும் விடுவதில்லை. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டாராம்.

"தெரியலைங்க. அங்க விடலாம்னுதான் வருவேன். கை தானா வேற பக்கம் திருப்பிடுது" என்றாராம்.

மச்சான் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார். மாதங்கள் போயின. போன வாரம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. வாசல் கேட்டின் தாழ்ப்பாள் இரவு உள்ளே போட்டது போட்டபடி இருந்தது. கேட்டுக்கு உள்ளே, மகள் தூங்குகிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே, ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு அழுந்திய ஒரு குழி. பக்கத்தில் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய்.

மச்சான் குனிந்து விரலை வைத்தார்.

சூடாக இருந்தது.