எண்டர் அடித்தால் ஓட வேண்டுமா

மாரண்டஹள்ளியில் ஓசூர் பஸ் நின்றிருந்தது. பின்படியில் தக்காளி ஏறிக்கொண்டிருந்தது. என் முன்சீட்டில் லேப்டாப்போடு ஒரு பெண்ணும், அவளோடு வேலை பார்க்கிறவனும்.

"நாம செய்யற சாஃப்ட்வேர்ல எண்டர் அடிச்சா புரோகிராம் ஓடணும்பா, அவ்வளவுதான்," என்றாள். என் காது அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"நாலு வரி எழுதறவனுக்கு ரெண்டாவது வரியிலயே ஓடிட்டா? எண்டருக்கு அடுத்த வரிக்குப் போவட்டும். ஓட்டறதுக்கு ஷிஃப்டையும் சேத்து அமுக்கட்டும்," என்றான் அவன்.

"ஒத்த வரிக்கு ரெண்டு விரலா? எவன் அமுக்குவான்? பதினோரு மணி மீட்டிங்குல ரெண்டு பேரும் ஒண்ணைச் சொல்லியாவணும். இல்லேன்னா இந்த வேலையப் புடுங்கி வேற டீமுக்குக் குடுத்துருவாங்க."

டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கா சண்டை? எங்க வண்டியப் பாருங்க. ஒரு விசிலுக்கு நிக்கும், ரெண்டு விசிலுக்குத்தான் போவும்."

"நல்லாருக்குங்களேண்ணா!" என்றான் அவன்.

"இப்பப் பாருங்க," என்று உற்சாகத்தில் ரெண்டு விசில் அடித்துக் காட்டினார்.

பஸ் கிளம்பிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு அம்மா அலறினார். "யோவ்! மூணு கூடைதான்யா ஏறியிருக்கு! மீதித் தக்காளியும் எங்க வூட்டுக்காரரும் கீழ நிக்கறாங்க!"

கண்டக்டர் அவசரமாக ஒரு விசில் அடித்தார். பஸ் நின்றது. வீட்டுக்காரர் தலையில் கூடையோடு ஓடி வந்தார்.

"ஏங்க, ரெண்டு அடிச்சீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் அந்த அம்மா.

முன்சீட்டுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதான்பா சரி. ஓட்டட்டுமான்னு ஒருக்கா கேட்டுட்டு ஓட்டறாப்புல வச்சுருவோம்."

"ஆமான்னு சொல்றதுக்கு எதை அமுக்கறது?"

அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

"எண்டர்தான்."