நான் சொன்ன இடத்தில் சிரித்தவன்

2004 மார்ச் 16, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஆஹென் நகரிலுள்ள ஒரு வைத்தியசாலையின் இரண்டாம் மாடியில், ஒரு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். வைத்தியர், என் நண்பன் கனகலிங்கம், நான். வைத்தியர் ஜேர்மனில் பேசினார். லிங்கத்துக்கு ஜேர்மன் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன்.

மொழிபெயர்ப்பது களைப்பான வேலை. உங்கள் பக்கத்தில் இருக்கும் துஷானிக்கு அது தெரியும். நான் தமிழில் சொல்வதை அவர் உங்களுக்கு ஜேர்மனில் சொல்கிறார். நான் நேரடியாக ஜேர்மனிலேயே சொல்லியிருப்பேன். பொலிஸில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் எழுத ஏலாது என்றீர்கள். சரி.

லிங்கமும் நானும் 1991 இல் அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு இருவருக்கும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் மாலை வகுப்புக்குப் போய் ஜேர்மன் படித்தேன். அவன் படிக்கவில்லை. நான் இருந்தபடியால் அவனுக்குத் தேவைப்படவில்லை. மேலாள் ஏசினால் என்ன ஏசினான் என்று நான் சொன்னேன். அலுவலகம், வங்கி, பல் வைத்தியர், நாள் குறித்துத் தந்த எல்லா டெர்மினுக்கும் கூடப் போனேன். சனிக்கிழமைகளில் அந்த வாரக் கடிதங்களை உடைக்காமல் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவருவான். படிவங்களில் தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் என்னுடைய எண்ணைத்தான் எழுதினோம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இங்கே அப்படித்தான் காலம் தள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கசெட் பார்ப்போம். 1994 இல் லண்டனிலிருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட்டுகள் கொடுத்துவிட்டிருந்தார். பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊர், இரண்டு வெல்டர்கள், சிறுவயதிலிருந்து கூட்டாளிகள். வேலை, பியர், வாக்குவாதம். ஒருவனுக்குக் கல்யாணம் பேசினால் மற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். முடிவில் இருவரும் அதே மதுக்கடையில் அதே மேசையில் இருப்பார்கள். நெட்டையனுக்கு லிங்கம் என்றும் கட்டையனுக்கு என் பெயரையும் வைத்துக்கொண்டோம்.

லிங்கத்துக்கு ஆங்கிலமும் தெரியாது. நான்தான் சொன்னேன். நான் சொன்ன இடத்தில் அவன் சிரித்தான். உண்மையில் அந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பத்துக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. மிச்சத்துக்கு வாய் அசைவதைப் பார்த்து நானே வசனம் போட்டேன். அதை அவனுக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் இருவரும் சந்தோசமாக இருந்தோம்.

2003 இல் லிங்கம் இமெல்டாவைக் கட்டினான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த டிசம்பர் நத்தாருக்கு இமெல்டாவின் தமக்கை பிளோறன்ஸ் லண்டனிலிருந்து வந்திருந்தாள். லிங்கம் அவளுக்குக் காட்டவென்று கசெட்டைப் போட்டான். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளோறன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, அவன் அப்பிடிச் சொல்லேல்லையே."

"பின்ன என்ன சொல்றான்?" என்று லிங்கம் கேட்டான்.

"நாய் களவுபோன கதை எண்டெல்லோ இவர் சொல்றார். இது செத்தவீட்டுக் கதை. அந்தக் கட்டையன்ர தாய் செத்துப்போச்சு. மற்றவன் ஆறுதல் சொல்றான்."

லிங்கம் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணால் தண்ணீர் வந்தது.

"எடேய் சிற்றம்பலம், ஒன்பது வருசமா ஒரு செத்தவீட்டுக்குச் சிரிச்சிருக்கிறன். பாவியடா நீ. ஆனா மச்சான், அவையின்ர கதையை விட உன்ர நாய்க்கதைதான் நல்லம்."

நான் சொல்லாமல் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை தொழிற்சாலையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். மேலாளுக்குக்கூட எப்படியோ கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தியிருந்தான். அதற்குப் பிறகு சாப்பாட்டு அறைக்குள் நான் போனால் யாராவது ஒருவன் மெல்லமாகக் குரைப்பான். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் கத்துவான். நான் ஒருநாளும் கத்தவில்லை.

மார்ச் மாதம் லிங்கத்துக்கு மலத்தோடு இரத்தம் போனது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவைக் கேட்க அவன் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். இமெல்டா அப்போதுதான் ஜேர்மன் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

வைத்தியர் ஒரு படத்தைக் காட்டி நிதானமாகப் பேசினார். லிங்கம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"மூலமாம். பெரிசா ஒண்டுமில்லை."

"பாத்தியே, நான் சொன்னனான்."

வைத்தியர் மேலும் சொன்னார்.

"உறைப்பைக் குறைக்கட்டாம். தயிர் சாப்பிடட்டாம்."

"மீன் குழம்பு தின்னலாமோ எண்டு கேளடா. அதுவும் ஏலாதெண்டால் நான் ஊருக்கே போறன்."

நான் வேறு ஒன்றைக் கேட்டேன். வைத்தியர் பதில் சொன்னார். நெத்தலி மட்டும் பரவாயில்லையாம் என்று சொன்னேன். லிங்கம் சிரித்தான். சரியாக நான் சொன்ன இடத்தில். உங்கள் நண்பர் மிகவும் தைரியசாலி என்றார் வைத்தியர். லிங்கம் அவருக்குக் கை கொடுத்தான். வெளியே வந்ததும், கையில் தந்த உறையை உடைக்காமல் என்னிடம் நீட்டினான்.

வைத்தியசாலையிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தது, என் எண்ணுக்கு. குடும்ப வைத்தியரின் வரவேற்பிலிருந்து ஒரு முறை. லிங்கம் லண்டனில் உறவினர்களிடம் போய் வைத்தியம் செய்துகொள்கிறார் என்று சொன்னேன். சனிக்கிழமைப் பையில் மூன்று கடிதங்கள் வந்தன. வாசித்தேன். காப்புறுதி விளம்பரம் என்றேன்.

அவனை நான் கைவிட்டேன் என்று யாரும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு ஞாயிறும் தயிர் வாங்கிக்கொண்டு போனேன். கோடையில் அவன் மெலிந்தான். உறைப்பை விட்டால் உடம்பு வற்றும்தான் என்றேன். அந்த மாதங்களில் மறுபடி கசெட் பார்த்தோம். நான் சொல்ல, அவன் சிரித்தான்.

நவம்பர் மாதம் வேலையில் மயங்கி விழுந்தான். அவசரப் பிரிவு வைத்தியர் கணனியைப் பார்த்துவிட்டு, மார்ச்சில் சொன்ன சத்திரசிகிச்சைக்கு ஏன் வரவில்லை என்று இமெல்டாவிடம் கேட்டார். எட்டு மாத வகுப்பு அந்தக் கேள்விக்குப் போதுமாக இருந்தது. நடைபாதையில் வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணை, அண்டைக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

அவள் உள்ளே போய், வைத்தியர் கேட்டதை லிங்கத்திடம் சொன்னாள். கதவு திறந்திருந்தது. அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவனைப் பேசாதை. அவனுக்கு விளங்கியிராது. அந்தக் கசெட் படத்தைப்போலதான். பாவம், விளங்காததை விளங்கினமாதிரிச் சொல்லிப் பழகிப்போச்சு."

பார்க்க வந்த எல்லோரிடமும் அதையே சொன்னான். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். சிலர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் 2005 பெப்ரவரி 9 ஆம் திகதி இறந்தான். செத்தவீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. இமெல்டா முறைப்பாடு கொடுக்கவில்லை. நீங்களும் நேற்று, இது தவறான விளக்கமாக இருக்கலாம், வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள்.

அதனால்தான் இன்றைக்கும் வந்தேன். மேசையில் இருப்பது என்னுடைய ஜேர்மன் சான்றிதழ். 2001 ஆம் ஆண்டு, 'நன்று' தரம். கேட்டு விளங்குதலில் அதைவிடக் கூட. வைத்தியர் சொன்னது இது: பெருங்குடலில் புற்றுநோய். மூன்று சென்ரிமீற்றர். வேறெங்கும் பரவவில்லை. ஏப்ரல் 2 ஆம் திகதிக்குள் வெட்டி எடுக்கவேண்டும். எடுத்தால் ஐந்து பேரில் நாலு பேர் பிழைப்பார்கள். நான் கேட்ட கேள்வி, எடுக்காவிட்டால் எவ்வளவு காலம் என்பது. ஒரு வருடம் என்றார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எழுதிக்கொள்ளுங்கள்.

துஷானி வாக்குமூலத்தைத் தமிழில் திருப்பி வாசித்தார். ஒன்றும் விடவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். சான்றிதழின் பிரதி கோப்பில் சேர்க்கப்பட்டது.