வெந்நீரில் வெளுத்த மயில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! பொரித்த கோழி எப்போது வரும் என்று பக்தியோடு காத்திருக்கும் பாதிரியார் அவர்களே! ஆயிரம் ஊசிகள் அலறும் ஆலைக்குள்ளும் ஊர்வம்பு ஒன்றைக்கூட நழுவவிடாத தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்து, சுருக்கமாகப் பேசு என்று கண்ணாலேயே கட்டளையிடும் ஆலை முதலாளியும் என் மனைவியுமான ஓவலீன் அவர்களே! வணக்கம்.

ஜார்ஜியாவின் பெருமை எது? உலகமே குடிக்கும் என் சோடா என்கிறது அட்லாண்டா. கடலே வரிசையில் நிற்கும் என் துறைமுகம் என்கிறது சவானா. தெற்கே போனால் வேர்க்கடலை என்கிறார்கள். சரி! அந்தச் சோடா முதலாளியும் கப்பல் முதலாளியும் கடலை முதலாளியும் காலையில் கண்விழித்துக் காலை எதன்மேல் வைக்கிறார்கள்? நம் ஊர் டால்டன் கம்பளத்தின்மேல்! தட்டுங்கள் கையை, கோழி ஆறாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஆலை எது? எங்கள் கொல்லை! இயந்திரம் எது? எட்டுப் பெண்களின் விரல்கள்! கொதிகலன் எது? துணி துவைக்கும் இரும்பு அண்டா! நியூயார்க்கிலிருந்து விட்லாக் என்ற வியாபாரி வருவதாக இருந்தது. கடை நிறைய வெள்ளைப் படுக்கை விரிப்பு கேட்டிருந்தார். எடுத்தால் எட்டுப் பேருக்கும் சொந்தப் பட்டறை. எடுக்காவிட்டால் மறுபடியும் பருத்திக்காடு.

தையல் இறுகி நூல் பூவாய் விரிய விரிப்பைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்? கொதிக்கவைத்தாள் ஓவலீன். வெள்ளை விரிப்புகளோடு சிவப்பு மயில் தைத்த ஒன்றையும் சேர்த்தே போட்டாள்! அண்டாவில் எழுந்த ஆவியே சிவந்திருந்தது. அன்று அட்லாண்டாவில் இளஞ்சிவப்பு மழை கொட்டியது! என்ன ஓவலீன் முறைக்கிறாய்? சரி, தூறல்தான்.

வெள்ளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் ரோஜா நிறம். மயில் மட்டும் வெளுத்து, நனைந்த கோழியாக நின்றது. பெண்கள் அழுதார்கள். ஒளித்துவைக்கலாமா என்று கேட்டேன்.

“எதுக்கு ஒளிக்கணும்? எடுத்துக் காயப்போடுய்யா” என்றாள் ஓவலீன்.

நெடுஞ்சாலையோரக் கொடியில் தொங்கவிட்டோம். வந்தார் விட்லாக். தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

“நான் கேட்டது வெள்ளைம்மா.”

“வெள்ளை போன வருஷத்துச் சரக்கு சார். மனசில்லன்னா விடுங்க, காத்துல ஆடிட்டுப் போகட்டும்.”

அவர் காரை நோக்கித் திரும்பினார். திரும்பியது அவரா? எட்டுக் குடும்பங்களின் எதிர்காலமல்லவா திரும்பி நடந்தது! அந்நேரம் புளோரிடாவுக்குப் போகும் நீளமான கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. ஒரு சீமாட்டி இறங்கி விரிப்பைத் தடவினார். இந்த ரோஜாக் கலர் என்ன விலை என்றார். பின்னால் இன்னொரு கார். அதன் பின்னால் வாஷிங்டன்வரை கார்கள்!

ஓவலீன் வாய் திறக்குமுன் விட்லாக் ஓடிவந்து, கொடிக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றார்.

“இது விக்கறதுக்கில்லம்மா. மொத்தத்தையும் நான் எடுத்துட்டேன்.”

அழுத கண்கள் சிரித்தன! கொல்லை பட்டறையானது, பட்டறை ஆலையானது, படுக்கை விரிப்பு கம்பளமானது! அந்த அண்டா அதோ, வாசலில் பூந்தொட்டியாகக் கொலுவிருக்கிறது. இன்று பிறக்கிறது இந்தப் புதிய ஆலையின் முதல் கம்பளம். சாம்பல் நிறம்தான் விற்கும் என்றார்கள் நகரத்து வல்லுநர்கள். முதலாளி கேட்டாளா? விலக்குங்கள் திரையை! பாருங்கள், அந்தக் கொல்லையின் ரோஜா!

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. இனி பாதங்களுக்கு வணக்கம். எல்லோரும் வந்து ஏறி நில்லுங்கள். பூட்ஸை மட்டும் கழற்றிவிடுங்கள், ஓவலீன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.