இடது கைக்குப் பிறந்தவன்

நீங்கள் உட்காருங்கள், நீதிபதி ஐயா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார வராது. ஜன்னல் வரை போய்த் திரும்பியபடியே சொல்கிறேன்.

என் தம்பி டெட்லெவ் இந்தப் பகுதியின் கோமகன். மாரெனை அவன் மணந்தது இடது கையால். அவள் ஃப்ளென்ஸ்பர்க் நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். குலம் குறைந்த பெண்ணுக்குத் தேவாலயத்தில் இடது கையைத்தானே நீட்டுவார்கள்? அவளுக்கு வீடு உண்டு, சாப்பாடு உண்டு. பட்டம் கிடையாது, பிறக்கும் பிள்ளைக்கும் கிடையாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவளும் என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிட்டாள்.

அவள் மகன் யென்ஸுக்கு ஐந்து வயது. அவனைப் பாதி வளர்த்தது நான். கரண்டி பிடிப்பது, கதவருகே ஒதுங்கி நிற்பது, மேலானவர்கள் வாய் வைக்கும்முன் தான் தொடாமலிருப்பது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. அத்தை, அத்தை என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவான்.

இந்த வசந்தத்தில் கோபன்ஹேகனிலிருந்து மன்னரின் அனுமதி வந்தது. மாரெனுக்குச் சீமாட்டி பட்டமாம். ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளை வலது கையால் மறுபடி மணப்பானாம். பையன் வாரிசாவானாம். எங்கள் அம்மா உட்கார்ந்த நாற்காலியில் மாவு பிசைந்தவளா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறம் யாரு இருக்கா, ஒட்டிலியே அக்கா? சுவத்துல தொங்குற தாத்தாக்களா எறங்கி வந்து ஆளப்போறாங்க?"

அன்று மாலை மாரென் வந்தாள். பணிவாகத்தான் கேட்டாள். "அண்ணி, ஞாயித்துக்கெழம போட்டுக்க உங்கம்மாவோட முத்துமாலையக் கொஞ்சம் தருவீங்களா?"

'அம்மணி' போய் அண்ணி. அன்றிலிருந்து என் கால் ஓயவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன், தோட்டத்தில் நடந்தேன், சாப்பிடும்போதும் பாதியில் எழுந்து நடந்தேன்.

வியாழக்கிழமை மதியம் சிவப்புப் பழக்கூழ் செய்யச் சொன்னேன். பையனுக்கு அது உயிர். எலிப்பாஷாணத்தை நானேதான் கலந்தேன். சமையல்காரியை இதில் இழுக்காதீர்கள். மேலே பாலாடை ஊற்றிக் கொடுத்தேன். அவன் கிண்ணத்தை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க, அத்தை. பெரியவங்க வாய் வைக்காம நான் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். என் வளர்ப்பு வீண்போகவில்லை என்று பெருமையாகவும் இருந்தது. பிறகு அவன்முன் முழங்கால் மடக்கி வணங்கினேன்.

"இனிமே இந்த வீட்டுல நீங்கதான் பெரியவங்க, இளவரசே. நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிட முடியும்."

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், கிண்ணத்தைக் காலி செய்தான். விடிவதற்குள் போய்விட்டான்.

மாரென் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தம்பி என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் வம்சம் கலப்பில்லாமல் நிற்கிறது. மேற்கொண்டு நடத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கிண்ணத்தை நான் நீட்டியது இடது கையால். வலது கையால் நான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை.